வாசகர் கேள்வி – பதில்: எழுத்தைத் தேடி வரும் மழலைகள்

பள்ளிப் பாடம் தொடங்கும் முன்பே எழுத்தின்மேல் ஆசை கொண்டுவிட்ட குழந்தைகளைப் பற்றி இம்முறை ஐந்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஐவரின் கவலையும் தமிழ் வாசிப்பைச் சார்ந்ததாக இருப்பதால், இந்த இதழில் அதற்கு மட்டுமே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. எல்.கே.ஜி. படிக்கிறாள். பேருந்தில் போகும்போது கடைப் பலகைகளைக் காட்டி, "அது என்ன எழுத்தும்மா?" என்று ஓயாமல் கேட்கிறாள். அ முதல் ஃ வரை பாட்டாகச் சொல்லிவிடுகிறாள். ஆனால் 'ஏ' எது என்று கேட்டால், முதலிலிருந்து சொல்லிக்கொண்டே வந்துதான் காட்டுகிறாள். பள்ளியில் இப்போது ஆங்கில எழுத்துகளே நடக்கின்றன. உயிரெழுத்து, மெய்யெழுத்து, உயிர்மெய் என்று எல்லாவற்றையும் வரிசையாக முடித்த பிறகுதான் சொற்களுக்குப் போக வேண்டும் என்கிறார் என் மாமியார். இந்த வயதில் தொடங்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். குழந்தையே கேட்டு வரும்போது வயதைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டியதில்லை. அவள் கேட்ட அளவுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். இந்த இரண்டிலும் நீங்கள் உறுதியாக இருந்தால் போதும். 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமே, எட்டு வயதுக்குள் குழந்தைகள் பிழையின்றிப் படிக்க வேண்டும் என்றுதான் இலக்கு வைத்து, மூன்றாம் வகுப்பு வரை காலம் கொடுக்கிறது. அப்படியிருக்க, நான்கு வயதுக் குழந்தைக்கு அவசரம் என்று எதுவும் இல்லை. நாளொன்றுக்குப் பத்து நிமிடம் மடியில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தாலே நிறைவு.

முதலிலிருந்து சொல்லி வந்து 'ஏ'யைக் காட்டுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு இப்போது தெரிந்திருப்பது ஒரு பாட்டு. அந்தப் பாட்டின் துணையோடு அவள் எழுத்தைத் தேடுகிறாள். அது குறையன்று. ஆனால் படிப்பதற்குத் தேவை, எந்த எழுத்தை எங்கே கண்டாலும் அதன் ஒலி உடனே நாவில் வருவதுதான். வரிசையை ஒப்பிக்க வைப்பதால் இது வராது. எழுத்துகள் சொற்களுக்குள் இடம் மாறி மாறி வருவதைப் பார்த்துப் பழகினால்தான் வரும்.

உங்கள் மாமியார் சொல்லும் முறையில்தான் நம்மில் பலரும் படித்தோம். இருந்தாலும், சொற்களுக்குப் போகும் முன் அட்டவணையை முடித்தாக வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247 எழுத்துகள். இவற்றுள் ங வரிசையில் 'ங்' தவிர மற்றவற்றை உங்கள் மகள் கதைப் புத்தகம் எதிலும் சந்திக்கப் போவதில்லை. ஙி, ஙீ, ஙு, ஙூ என்று மனப்பாடம் செய்யும் நேரத்தில் அவள் பத்துச் சொற்களைப் படித்துவிட முடியும். கன்னடம் படிக்கும் குழந்தைகளைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, உயிர்மெய் முறையில் அமைந்த அந்த எழுத்துகள் முழுவதும் வசப்படத் தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டியது. தமிழில் கன்னடத்தைப் போன்ற கூட்டெழுத்துகள் இல்லை. அந்த அளவில் நமக்கு வேலை எளிது. ஆயினும், எல்லா எழுத்துகளும் முடியட்டும் என்று காத்திருந்தால், இன்று பேருந்தில் பொங்கி வரும் ஆசை அதற்குள் வடிந்துவிடும் என்பதே என் கவலை.

ஆகையால் சில எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு உடனே சொற்களுக்குப் போய்விடுங்கள். ஆனா ஆவன்னாவில் தொடங்காமல், வடிவத்தில் எளிய ட, ப, ம போன்ற எழுத்துகளில் தொடங்கும் வழக்கம் நம் ஊர்த் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதியதன்று. ப, ட, ம, க, ர ஆகிய ஐந்தோடு ம், ல் என்ற இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஏழு எழுத்துகளிலேயே மரம், படம், கல், பல், கடல், பகல், மடல், கரகம் என்று அவளுக்குப் பொருள் தெரிந்த, அல்லது படம் காட்டிப் பொருள் சொல்லிவிடக்கூடிய சொற்கள் கிடைத்துவிடுகின்றன.

பழைய திருமண அழைப்பிதழ்களின் பின்பக்கத்தைச் சம அளவில் நறுக்கி, அட்டைக்கு ஓர் எழுத்தாகப் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். ம, ட, ல் ஆகிய மூன்று அட்டைகளைச் சற்று இடைவெளி விட்டுத் தரையில் வையுங்கள். முதல் அட்டையில் அவள் விரலை வைத்து 'ம' என்று சொல்லட்டும். விரல் நகர நகர 'ட', 'ல்' என்று தொடரட்டும். பிறகு அட்டைகளை நெருக்கி வைத்து, விரலை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். 'மடல்' என்று வாய் சொல்லியும் செவிக்கு அது சொல்லாக எட்டவில்லையென்றால், நீங்கள் ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை வேகமாகவும் சொல்லிக் காட்டுங்கள். அடுத்து 'ம' அட்டையை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'க' அட்டையை வையுங்கள். ஓரெழுத்து மாறியதும் கடல் வந்துவிட்டதே என்று அவள் வியந்து நிமிர்வாள். எழுத்து என்பது ஒலிக்காக நிற்கிறது என்பது குழந்தைக்கு விளங்கும் இடம் இதுதான். அட்டவணையை ஆறு மாதம் ஒப்பித்தாலும் இந்த விளக்கம் கிடைப்பதில்லை.

புள்ளியை மட்டும் சற்றுப் பொறுமையாகக் காட்டுங்கள். 'மரம்' என்பதை 'மரம' என்று படிப்பது எல்லாக் குழந்தைகளிடமும் உள்ளதுதான். 'ம' என்று சொல்லும்போது உதடுகள் திறந்துகொள்கின்றன. 'ம்' என்னும்போது மூடியபடியே நிற்கின்றன. கண்ணாடி முன் நின்று இருவரும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். புள்ளி வைத்தால் வாய் மூடிக்கொள்ளும் என்பதை இந்த ஓர் எழுத்தில் அவள் கண்ணால் கண்டுவிட்டால், மற்ற மெய்கள் அதிகத் தொல்லை தருவதில்லை.

இன்னொன்றும் கேட்பீர்கள். 'கல்' என்பதில் வரும் 'க' வேறு, 'பகல்' என்பதில் வரும் 'க' வேறு அல்லவா? ஒலியில் வேறுதான். ஆனால் தமிழ் பேசும் வீட்டில் வளரும் குழந்தைக்கு இதற்கு விதி சொல்ல வேண்டியதில்லை. 'ப', 'க', 'ல்' என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டு, பிறகு தனக்குத் தெரிந்த 'பகல்' என்ற சொல்லை அவளே கண்டுகொண்டு ஒலியைத் திருத்திக்கொள்வாள். இதனால்தான், அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களையே முதலில் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இது கைவந்ததும் துணைக்காலைச் சேருங்கள். கால், பால், காகம், பாடம், மாமா என்று சொற்கள் பெருகிவிடும். குறிலையும் நெடிலையும் இலக்கணமாகச் சொல்லாமல், 'கல்' என்பதற்கு ஒரு தட்டு, 'கால்' என்பதற்குக் கையை இழுத்து ஒரு வருடல் என்று உடம்பால் உணர்த்துங்கள். அடுத்து ி, ீ. அதன் பிறகு உகர வரிசை. கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக வளைவதால், இவற்றை ஒரே விதிக்குள் அடக்க முயலாமல் சொற்களோடு ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துவதே நல்லது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நின்று, ஒலியில் பின்னால் வருகின்றன. இடமிருந்து வலமாக விரலை ஓட்டப் பழகிய குழந்தை இங்கே தடுமாறும். 'கெ' என்பதை இரண்டு அட்டைகளாகப் பிரிக்காமல் ஒரே அட்டையில் எழுதிக் கொடுத்தால் கண் அதை ஒன்றாகவே வாங்கிக்கொள்ளும். ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் சொற்கள் வழியாகத் தாமே பழகட்டும். ஔகார வரிசையை, வௌவால் படம் ஏதேனும் புத்தகத்தில் வரும் வரை மறந்துவிடலாம்.

அட்டைகளைக் கையில் எடுக்காத நேரங்களில் செவிக்கு வேலை கொடுங்கள். 'ப'வில் தொடங்கும் பொருள் ஒன்று சமையலறையில் இருக்கிறது, என்ன அது என்று கேட்பதும், 'மரம்' என்று நீங்கள் சொன்னால் 'ம'வில் தொடங்கும் வேறொரு சொல்லை அவள் சொல்வதும் காய்கறி நறுக்கிக்கொண்டே ஆடக்கூடிய விளையாட்டுகள். பேருந்துப் பயணத்தையும் விட்டுவிடாதீர்கள். பேருந்து நிலையத்தில் பழனி, மதுரை, நத்தம், கரூர் என்று பலகைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் 'ம' எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். வளைத்து நெளித்து அலங்காரமாக எழுதிய கடைப் பெயர்கள் இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: ஐந்து வயதுப் பேரனுக்கு நானே தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். எழுத்துகள் எல்லாம் தெரிகின்றன. ஆனால் 'பக்கம்' என்று எழுதிக் காட்டினால், 'பானா, இக்கன்னா, கானா, இம்மன்னா' என்று சொல்லிவிட்டு விழிக்கிறான். சொல்லாகச் சேர்க்க வரவில்லை. நான் சிறுவயதில் படித்த புத்தகங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவற்றைக் கொடுக்கலாமா?
— ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: ஐயா, பேரனுக்குத் தாங்களே அருகில் அமர்ந்து கற்பிப்பது அவன் பெற்ற பேறு. அவன் விழிப்பதற்குக் காரணம், அவன் படித்திருப்பவை எழுத்துகளின் பெயர்கள். பானா, இக்கன்னா, கானா, இம்மன்னா ஆகிய நான்கையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'பக்கம்' என்ற ஒலி பிறக்காது. பெயரை அறவே விட்டுவிட்டு ஒலியை மட்டும் சொல்லிக் கொடுங்கள். பிற்காலத்தில் இலக்கணம் படிக்கும்போது பெயர் தானாக வந்துசேரும்.

'இக்', 'இம்' என்று முன்னால் இகரம் சேர்ப்பதும் இதே தடையைத்தான் உண்டாக்குகிறது. 'ம்', 'ல்', 'ன்' போன்றவற்றைத் தனியே நீட்டி ஒலிக்க முடியும். ஆகவே அவற்றில் இகரம் வேண்டாம். 'க்', 'ட்', 'ப்' ஆகியவற்றைத் தனியே ஒலிப்பது பெரியவர்களுக்கே கடினம் என்பதால், அவற்றை முன்னெழுத்தோடு சேர்த்தே பழக்குங்கள். 'பக்' என்று ஒரு துண்டு, 'கம்' என்று ஒரு துண்டு. இரண்டையும் ஒட்டினால் 'பக்கம்'. 'பட்', 'டம்' என்றால் 'பட்டம்'. இப்படித் துண்டு துண்டாகக் கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளை சில நாள்களிலேயே பிடித்துக்கொள்வான்.

பழைய புத்தகங்களைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 1978இல் தமிழக அரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. தாங்கள் படித்த நூல்களில் இவை பழைய வடிவத்தில், துதிக்கை போன்ற சுழியோடு அச்சாகியிருக்கும். பேரன் இன்றைய 'லை'யையே இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறான். ஆகவே அந்தப் புத்தகங்களைத் தாங்கள் வாய்விட்டு வாசியுங்கள். அவன் படம் பார்த்துக்கொண்டு கேட்கட்டும். அவன் சரளமாகப் படிக்கத் தொடங்கிய பிறகு, அதே பக்கங்களைத் திறந்து வைத்து, தாத்தா காலத்தில் 'லை' எப்படி இருந்தது என்று காட்டினால் ஆவலோடு பார்ப்பான்.

கேள்வி: நாலரை வயது மகன் எழுத்துகளை ஆர்வமாக அடையாளம் காட்டுகிறான். ஆனால் பென்சிலைக் கையில் கொடுத்தால் அழுகிறான். எழுதிப் பழகாமல் படிப்பு நிற்காது என்கிறார்கள். வற்புறுத்தலாமா?
— ஒரு தந்தை, ஆவடி

பதில்: வேண்டாம். படிப்பதற்குக் கண்ணும் செவியும் போதும். எழுதுவதற்கு விரல்களின் சிறு தசைகள் வலுப்பெற வேண்டும். இந்த வயதில் அது குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால், கை வலியின் கசப்பு படிப்பின்மேலும் படிந்துவிடும். கோடு போட்ட ஏட்டில் பக்கம் பக்கமாக 'அ' எழுத வைப்பதை இந்த வயதுக்கு நான் எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன். பள்ளியிலிருந்து வீட்டுப்பாடமாக வந்தாலும் ஆசிரியரிடம் அமைதியாகப் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். விசயதசமியன்று தட்டில் அரிசியைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, அதை அன்றோடு நிறுத்திவிடாமல் வேண்டும்போதெல்லாம் செய்யுங்கள். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால்தான் எழுதிப் பழகினார்கள். சப்பாத்தி மாவு உருட்டுவதும், பட்டாணி உரிப்பதும், மணி கோப்பதும் பென்சிலுக்கு விரல்களைத் தயார் செய்கின்றன. அதுவரை, அவன் எழுத வேண்டிய இடத்தில் அட்டைகளை அடுக்கட்டும்.

கேள்வி: ஆங்கில வழிப் பள்ளியில் மகளைச் சேர்த்திருக்கிறோம். வீட்டில் தமிழ் எழுத்தையும் தொடங்கினால் இரண்டும் குழம்பிவிடுமா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: குழம்பாது. ஒரு மொழியில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொண்ட குழந்தை, அந்தப் புரிதலோடுதான் அடுத்த மொழிக்குள் நுழைகிறது. வீட்டில் பேசும் மொழியில் அதைப் புரிந்துகொள்வது எளிது. படித்த சொல் சரியா என்று சோதிக்க, அவளுக்குத் தமிழ்ச் சொற்கள் கைவசம் நிறைய இருக்கின்றன. அன்றியும், ஆங்கிலத்தில் ஓரெழுத்து பல ஒலிகளைக் காட்டும். தமிழில் அந்தச் சிக்கல் மிகக் குறைவு. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி முதல் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயப் பாடமாகவும் இருக்கிறது. ஒரே அமர்வில் இரண்டு மொழிகளையும் கலக்காமல், தமிழுக்கு ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. ஒரு கதைப் புத்தகத்தைத் தினமும் படிக்கச் சொல்லிக் கேட்டு, இப்போது பக்கத்தைப் புரட்டிக்கொண்டே முழுக் கதையையும் தானே "படிக்கிறான்". ஆனால் மனப்பாடமாகச் சொல்கிறான் என்பது தெரிகிறது. 'போனாள்' என்று அச்சிட்டிருப்பதைப் 'போனா' என்கிறான். திருத்த வேண்டுமா? எந்த மாதிரிப் புத்தகங்கள் வாங்கலாம்?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: திருத்த வேண்டாம், மகிழுங்கள். புத்தகத்தை எந்தப் பக்கமிருந்து திறப்பது, எந்த இடத்தில் பக்கம் திருப்புவது, அச்சில் இருப்பது ஒவ்வொரு முறையும் மாறாமல் அதே சொற்களைச் சொல்லும் என்பன எல்லாம் அவனுக்குத் தெரிந்துவிட்டன. இந்த அறிவை எழுத்தட்டைகளால் கொடுக்க முடியாது. மனப்பாடமான கதையில் எழுத்தை நுழைப்பதும் எளிது. நீங்கள் படிக்கும்போது விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் நகர்த்துங்கள். அவன் நன்றாக அறிந்த ஒரு சொல்லுக்கு முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். அவன் அதைச் சொல்லட்டும். பிறகு அதே சொல்லை அந்தப் பக்கத்தில் வேறெங்கே காணலாம் என்று தேடச் சொல்லுங்கள். வாயில் ஓடும் கதை மெல்ல மெல்ல அச்சோடு பொருந்தத் தொடங்கும்.

'போனாள்' என்பது 'போனா' என்று வருவது இயல்பு. தமிழ்க் குழந்தை படிக்கத் தொடங்கும்போது எழுத்தை மட்டும் கற்பதில்லை. வீட்டில் யாரும் பேசாத ஓர் எழுத்து நடையையும் உடன் கற்கிறது. 'போகிறேன்', 'வந்தார்கள்', 'இருக்கின்றன' என்னும் சொற்களை முதன்முதலாக அச்சில் காணும்போது, எழுத்துக்கூட்டிய பிறகும் அவை அவனுக்கு அந்நியமாகவே இருக்கும். அவற்றை முன்கூட்டியே செவியில் போட்டு வைப்பதற்கு ஒரே வழி, நீங்கள் அன்றாடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுவதுதான். படிக்கும்போது பேச்சு வழக்குக்கு மாற்றாமல் அச்சில் உள்ளபடியே படியுங்கள். புரியாத இடத்தில் நிறுத்தி, உங்கள் ஊர்ப் பேச்சில் விளக்கிவிட்டு, மறுபடி அச்சில் உள்ளதைச் சொல்லுங்கள். அவன் தானே படிக்கத் தொடங்கிய பின்பும் இதை நிறுத்திவிடாதீர்கள்; அவன் எழுத்துக்கூட்டும் வேகத்தைவிட அவனுடைய கதை ஆசை வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருக்கும்.

புத்தகத்தைப் பொறுத்தவரை, ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிகள், பெரிய அச்சு, சொற்களுக்கிடையே தாராளமான இடைவெளி, வரிக்கு நேர்ப் பொருளான படம் ஆகியவற்றைப் பாருங்கள். நீதி சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதிய நெருக்கமான அச்சுப் புத்தகங்களை இப்போது வாங்காதீர்கள். சென்னையிலுள்ள தூளிகா பதிப்பகம் தமிழில் நல்ல படப் புத்தகங்களை வெளியிடுகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள் விலை குறைவு. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில், வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்த தமிழ்க் கதைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முதல் நிலைக் கதைகள் உங்கள் மகனுக்குப் பொருந்தும். ஆனால் அவற்றைக் கைப்பேசித் திரையில் படிக்க வைக்காமல், ஒன்றிரண்டை அச்செடுத்துத் தைத்துக் கொடுங்கள். விரலை வைத்துப் படிக்கவும், பிடித்த பக்கத்துக்குத் திரும்பிப் போகவும் தாளே வசதி. உங்கள் மாவட்ட மைய நூலகத்தில் சிறுவர் பகுதி எப்படி இருக்கிறது என்று ஒரு சனிக்கிழமை அவனையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். உறுப்பினராவதற்கான தொகை மிகச் சிறியதுதான். எந்தப் புத்தகம் வேண்டும் என்பதை அலமாரியிலிருந்து அவனே எடுக்கட்டும். வீட்டில் இருக்கும் அதே புத்தகத்தை அங்கேயும் எடுத்து வந்தால், மறுக்காமல் அதையே படித்துக் காட்டுங்கள்.